இரண்டு மணி நேரப் பால்

உல்கான் இடது முழங்காலைத் தரையில் ஊன்றி, வலது தொடைமேல் வாளியை நிறுத்தி, ஒரு கையைக் குதிரையின் பின்னங்காலைச் சுற்றி வளைத்துக் கறந்துகொண்டிருந்தாள். அவள் கணவன் எசென் குட்டியைக் கழுத்தோடு கட்டிப் பிடித்துத் தாயின் விலாவில் ஒட்டி நிறுத்தியிருந்தான். முதலில் குட்டி நான்கு வாய் குடிக்க வேண்டும். பிறகு அதைப் பிடுங்கி, தாய் திரும்பினால் மோந்து பார்க்கிற தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும். குட்டி ஓர் அடி நகர்ந்தாலும் குதிரை பாலை மேலே இழுத்துக்கொள்ளும். அப்புறம் யார் கெஞ்சினாலும் விடாது. ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் தேறும். பதினோரு குதிரை, பகலில் ஐந்து தடவை.

சாலையோரத்தில் ஜீப் நிற்கிற சத்தம் கேட்டது. வாடிக்கை வந்ததென்று எசென் தலையைத் திருப்பினான்.

"வாடிக்கை இல்லை. தாலாய்பெக்."

"அப்ப இலவச வாடிக்கை," என்றாள் உல்கான். கை நிற்கவில்லை.

சுகாதார ஆபீஸ் தாலாய்பெக் கெட்டவன் அல்ல. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன்தான். கூடாரத்துக்குள் வந்தால் முதலில் இரண்டு கிண்ணம் குமிஸ், அந்தப் புளித்த குதிரைப்பால், குடிப்பான், அதற்குப் பிறகுதான் பையிலிருந்து காகிதத்தை எடுப்பான். காகிதத்தை எடுத்துவிட்டுக் குடித்தால் லஞ்சமாகிவிடும் என்பது அவன் கணக்கு. இன்றைக்கும் குமிஸ் புளிக்கிற ஆட்டுத்தோல் பையின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டாவது கிண்ணத்தைக் காலி செய்து, மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, போன வாரம் எடுத்துட்டுப் போன பாலுக்கு ரிசல்ட் வந்திருச்சு."

"சொல்லு."

"தகுதியற்றதுன்னு போட்டிருக்காங்க. பால் புளிச்சிருச்சாம்."

உல்கான் பையைக் கடைந்துகொண்டிருந்த மத்தை நிறுத்தினாள். "இப்ப என்ன குடிச்சே தம்பி?"

"குமிஸ்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா சுருக்குன்னு, புளிப்பா..."

"நான் முப்பது வருஷமா புளிச்ச பால் விக்கிறவ. எங்கிட்ட வந்து பால் புளிச்சிருச்சுன்னு எழுதிக் குடுக்குறீங்களே, மீன் விக்கிறவன்கிட்ட போயி மீன் ஈரமா இருக்குன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

எசென் சிரித்தான். தாலாய்பெக்கும் சிரித்துவிட்டு, உடனே முகத்தை ஆபீஸ் முகமாக மாற்றிக்கொண்டான். "சிரிக்காதீங்கண்ணே. அவங்க குமிஸைச் சோதிக்கிறதில்லை. பைக்குள்ள ஊத்துறதுக்கு முன்னாடி இருக்கிற பச்சைப் பாலைத்தான் சோதிப்பாங்க. கறந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்புக்குப் போயிரணும். சட்டம்."

"லேப் எங்க இருக்கு?"

"டவுன்ல."

"இங்கேருந்து டவுனுக்கு எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம். கணவாய்ல ஆட்டு மந்தை குறுக்க வந்தா அஞ்சு."

"அப்ப?"

தாலாய்பெக் காலிக் கிண்ணத்தைத் தரையில் வைத்து, அதன் விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினான். "சட்டம் போட்டவங்களுக்கு நம்ம ரோடு தெரியாதுக்கா. லேப்புக்குன்னு ஒரு வண்டி இருக்கு, இங்கேயே வந்து சோதிச்சுட்டுப் போகலாம். ரெண்டு வருஷமா அதுக்கு டயர் இல்லை."

பிறகு அவன் காகிதத்தை நீட்டினான். நாளை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முத்திரை குத்திய சான்றிதழ் வாங்காத கூடாரம் எதுவும் சனிக்கிழமையிலிருந்து நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கக் கூடாது. இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். உல்கான் ஒரு தடவை படித்தாள். எசென் வாங்கி இரண்டு தடவை படித்தான். இந்த மூன்று மாதத்தில் சாலையில் போகிற லாரிக்காரர்களுக்கும் ஊர் திரும்புகிறவர்களுக்கும் விற்கிற குமிஸ்தான் மீதி ஒன்பது மாதத்துக்கு அவர்களுக்கு மாவும், குதிரைகளுக்கு வைக்கோலும். சாலையை விட்டு உள்ளே தள்ளிக் கூடாரம் போட்டால் வளைக்குள் இருக்கிற மலை மர்மோட்டுகள்தான் வந்து குடிக்கும்.

"என் குதிரை, என் கை, குடிக்கிறவன் வாய் அவனுடையது," என்றாள் உல்கான். "நடுவுல நீங்க யாருப்பா?"

"அதுக்கு நான் பதில் சொல்றேன்," என்று வெளியே இருந்து குரல் வந்தது. அடுத்த கூடாரத்துப் புருல்சா. ஜீப்பைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருந்தாள். நாற்பது வயது. புருஷன் செத்த பிறகு அவனுடைய நிலக்கரி லாரியைத் தானே ஓட்டுகிறாள். கோடையில் நிலக்கரி கேட்பாரில்லை, குமிஸ் விற்கிறாள். "போன வருஷம் கல்யாண வீட்ல குமிஸ் குடிச்சு நாப்பது பேரு வயித்தைப் புடிச்சுக்கிட்டு வேலியோரம் வரிசையா உக்காந்தாங்களே, அதுல என் தங்கச்சியும் ஒருத்தி. அந்த வாயும் அவங்க அவங்க வாய்தான்."

"அந்தக் குமிஸ்காரன் வாய்க்கால் தண்ணியை ஊத்தி வித்தான். அவனைப் புடிங்க. என்னை ஏன் புடிக்கிறீங்க?"

"அவனைப் புடிச்சாங்களே," என்றான் தாலாய்பெக். "அவன்கிட்ட சான்றிதழ் இருந்துச்சு. அவன் டவுனுக்குப் பக்கத்துல இருக்கான்ல. கால் மணி நேரம்தான்."

வெளியே கயிற்றில் வரிசையாகக் கட்டியிருந்த குட்டிகளில் ஒன்று கனைத்தது. தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த தாய் தலையைத் தூக்கி, மேய்ச்சலை விட்டுவிட்டு நேராக நடந்து வந்தது. உல்கான் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் மெதுவாகத் திறந்தது.

"தம்பி. பால்தானே ரெண்டு மணி நேரத்துக்குள்ள போகணும்?"

"ஆமா."

"குதிரை?"

"குதிரை என்ன?"

"குதிரை எத்தனை மணி நேரம் வேணாலும் போகலாமில்ல? குதிரையையும் குட்டியையும் லாரியில ஏத்தி லேப் வாசல்லயே கொண்டுபோய் நிறுத்திக் கறந்தா? ரெண்டு மணி நேரம் என்ன, ரெண்டு நிமிஷத்துல கையில குடுக்கிறேன். சட்டத்துல குதிரை எங்க நிக்கணும்னு எழுதியிருக்கா? பாரு. நல்லா பாரு."

தாலாய்பெக் பையைத் திறந்து பதினான்கு பக்கத்தையும் எடுத்தான். உதட்டை அசைத்துக்கொண்டே ஒவ்வொரு பக்கமாகப் படித்தான். எசென் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். புருல்சா கிண்ணத்தை நிரப்பி, படிக்கிறவன் கையருகே வைத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பியபோது அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

"எழுதலைக்கா," என்றான். "சத்தியமா எழுதலை!"

"என் லாரி இருக்கு!" என்று கத்தினாள் புருல்சா. "டீசல் உன்னுது. உன் குதிரை பாஸாச்சுன்னா அடுத்து என் குதிரை!"

"இடம் போறது நாளைக்கு, உன் குதிரை எப்ப போகும்?" என்றாள் உல்கான்.

"என் குதிரைங்க முரடு, லாரியில ஏறப் பழக்கணும். நாளைக்கு வழி இருக்குன்னு காட்டிட்டா, திங்கக்கிழமை மொத்தப் பள்ளத்தாக்கையும் ஏத்திக்கிட்டுப் போய் அவங்க வாசல்ல நிறுத்துவோம். எப்படி இல்லைம்பாங்கன்னு பாக்குறேன்!"

தாலாய்பெக் மூன்றாவது கிண்ணத்தைக் காகிதம் வெளியே இருக்கும்போதே குடித்தான்.

விடிந்தும் விடியாமலும் லாரியின் பின்பக்கத்தை மண்மேட்டோடு ஒட்டி நிறுத்தினாள் புருல்சா. நிலக்கரித் தூளைக் கழுவிவிட்டுப் புல்லைப் பரப்பியிருந்தார்கள். பதினோரு குதிரைகளில் ஜீரன்தான் சாது. செம்பட்டை நிறம், ஏழு வயது, மூன்றாவது ஈற்று. இரண்டு மாதக் குட்டியை எசென் அப்படியே இரண்டு கையாலும் தூக்கி லாரியில் வைத்தான். ஜீரன் ஒரு கணம் பலகையை மோந்து பார்த்தது. குட்டி கூப்பிட்டதும் டக்டக்கென்று ஏறிவிட்டது.

"பாத்தியா, டிக்கெட் கேக்காம ஏறிருச்சு," என்றாள் புருல்சா.

எசென் மற்றப் பத்துக் குதிரைகளோடு தங்கினான். உல்கான் தோல் பையையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பின்னால் குதிரையோடு நின்றாள். பள்ளத்தாக்கு முழுக்கச் செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடியிருந்தது. ஒவ்வொரு கூடாரத்து வாசலிலும் பெண்கள் நின்று கையை ஆட்டினார்கள். ஒருத்தி ஓடி வந்து, உலர்ந்த தயிர் உருண்டைகளைப் பையோடு லாரிக்குள் எறிந்தாள். "முத்திரை இல்லாம திரும்பி வராதே!" என்று ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். கணவாயின் வளைவுகளில் புருல்சா ஹாரனை அடித்துக்கொண்டே போனாள். காற்று முகத்தில் அறைந்தது. உல்கானுக்கு முப்பது வயது குறைந்த மாதிரி இருந்தது. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் உரக்கப் பாடினாள்.

பதினொரு மணிக்கு ஆய்வுக்கூடத்தின் முற்றத்தில் லாரி நின்றது. மூன்று மாடிக் கட்டடம். முதலில் ஒரு ஜன்னல் திறந்தது, பிறகு எல்லா ஜன்னலும். அந்த வளாகத்தில்தான் நான்கைந்து ஆபீஸ்கள். எல்லாவற்றிலும் வேலை நின்றது. ஆய்வுக்கூடத்துத் தலைவி ரைக்கான் வெள்ளைக் கோட்டோடு இறங்கி வந்தாள். ஐம்பத்தைந்து வயது, மூக்கின் நுனியில் கண்ணாடி.

"என்னம்மா இது?"

"சாம்பிள் கொண்டாந்திருக்கேன்கா," என்றாள் உல்கான். "இன்னும் கறக்கலை."

ரைக்கான் குதிரையைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள், கோட்டுப் பையிலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். "இருபத்தாறு வருஷத்துல மலையிலேர்ந்து இப்பத்தான் சட்டப்படி ஒரு சாம்பிள் வருது. இருங்க, பாட்டில் எடுத்துட்டு வரேன். மடியைக் கழுவணும், வெந்நீரும் தரேன்."

"நாங்க வீட்லயும் கழுவுவோம்கா."

"தெரியும். என் கண்ணு முன்னாடி கழுவணும்."

குட்டியைப் பிடிக்க ஆள் வேண்டும். புருல்சா லாரியின் பின்பலகையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சிகரெட் பிடிக்க வெளியே வந்த டை கட்டிய அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்றார்; உல்கான் கேட்காமலே குட்டியை அவர் கையில் திணித்தாள். "கழுத்தோட புடிங்கண்ணே. தாய் விலாவை விட்டு நகரக் கூடாது." அவர் பிடித்தார். குட்டி அவருடைய டையை வாயில் போட்டுக்கொண்டது. ஜன்னல்களில் ஒரே சிரிப்பு.

ஆனால் பால் இறங்கவில்லை. ஜீரன் காதைப் பின்னுக்குச் சாய்த்து நின்றது. முற்றத்தின் மூலையில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. குட்டி நடுங்கியது, குடிக்கவும் மறுத்தது. உல்கான் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தாள், இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. வாளியின் அடியில் நாலு சொட்டு. அவள் நெற்றியில் வியர்வை ஓடியது.

"அந்தச் சனியனை நிறுத்துங்கடா!" என்று புருல்சா ஜெனரேட்டரைக் காட்டிக் கத்தினாள்.

"கம்ப்யூட்டர் எல்லாம் அணைஞ்சிரும்," என்றது ஒரு ஜன்னல்.

"அணையட்டும்," என்றாள் ரைக்கான். "என் பொறுப்பு."

ஜெனரேட்டர் இருமி அடங்கியது. திடீரென்று பாப்ளர் மரத்து இலைச் சத்தம் கேட்டது. உல்கான் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, கூடாரத்தில் கறக்கும்போது போடுகிற அந்தத் தாழ்ந்த ஒலியைப் போட்டாள்: துருய், துருய், துருய். டை கட்டியவரும் அவரை அறியாமல் குட்டியின் காதருகே அதையே முனகினார். அவரும் எங்கோ ஒரு மலையிலிருந்து வந்தவர்தான் போல. குட்டி முகத்தைத் தாயின் மடிக்குள் செருகியது. ஜீரன் பெருமூச்சு விட்டது. அடுத்த நொடி வாளியில் பால் சர்சர்ரென்று விழுந்தது.

மூன்று மாடியும் கை தட்டியது. ரைக்கான் பாட்டிலை நிரப்பி, மூடி, கடிகாரத்தைப் பார்த்து, உரக்க அறிவித்தாள்: "கறந்து நாற்பது வினாடி!"

சாயங்காலம் நாலு மணிக்குள் முடிவு தெரியும் என்றாள். குதிரையையும் குட்டியையும் பாப்ளர் மரத்தடியில் கட்டிவிட்டு, உல்கான் தோல் பையைத் திறந்தாள். விற்கவில்லை, வந்தவருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தாள். டை கட்டியவர் மூன்று கிண்ணம் குடித்தார். அவரைத் தேடி வந்தவரும் குடித்தார். மதியத்துக்குள் பை காலி. பள்ளத்தாக்கிலிருந்து போன் மேல் போன். எசென் இரண்டு தடவை பேசினான். தாலாய்பெக்கும் பேசினான்.

"அக்கா, திங்கக்கிழமைக்கு ஆறு லாரி சொல்லி வச்சிருக்காங்க! எங்கிட்ட வந்து, ஒரு லாரிக்கு எத்தனை குதிரைன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

"சட்டத்துல எழுதலைன்னு சொல்லு!"

நான்கு மணிக்குக் கூப்பிடவில்லை. நான்கரைக்கு ரைக்கானின் உதவியாளர் வந்து உல்கானையும் புருல்சாவையும் மேலே அழைத்துப் போனார். மூன்றாம் மாடியில், கண்ணாடிக் குழாய்களும் பழைய பிரிட்ஜுமாக நெருக்கமான அறை. ரைக்கான் காகிதத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது முத்திரையை ஊதி, மையில் ஒற்றி, இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"சுத்தமான பாலம்மா. என் பேரனுக்கே குடுப்பேன். மனித நுகர்வுக்குத் தகுதியானது. இந்தா."

உல்கான் காகிதத்தை வாங்கி நெற்றியில் தொட்டுக்கொண்டாள். புருல்சா அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு கண்ணாடிக் குழாய் உருண்டது, ரைக்கான் பிடித்துக்கொண்டாள். மாடிப்படியில் இறங்கும்போது இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி இரண்டிரண்டு படியாகத் தாண்டினார்கள்.

முற்றத்தில் பாப்ளர் மரத்தடியில் குட்டி மட்டும் நின்றது. ஜீரனைக் கட்டியிருந்த கயிறு அறுத்த மாதிரித் தொங்கியது. குட்டி கயிறு இறுகும்வரை முன்னால் பாய்ந்து, திரும்பி வந்து, மறுபடி பாய்ந்தது.

வாசல் காவலாளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கால்நடை ஆபீஸ்காரங்க வந்தாங்கம்மா. யாரோ போன் பண்ணியிருக்காங்க. ஊருக்குள்ள விலங்கைக் கொண்டு வரதுக்குப் பயணச் சீட்டுன்னு ஒரு காகிதம் இருக்கணுமாமே, அது இல்லையாம். காதுல வில்லை போட்ட விலங்கு, அதனால பிடிச்சுக்கிட்டுப் போய்ட்டாங்க. குட்டிக்கு இன்னும் வில்லை போடலையில்ல? அது அவங்க பட்டியல்ல இல்லையாம். விட்டுட்டாங்க."

பிடித்த விலங்குகளை அடைக்கிற பட்டி அடுத்த தெருவில். உல்கான் குட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். பாதித் தெருவில் குட்டி அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. இரண்டாள் உயரக் கம்பி வலை, உள்ளே சிமென்ட் தரை, ஓர் இரும்புக் கதவு. கதவில் பூட்டு. பூட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் இளம் காவலன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கதவைத் திற. பாரு, சான்றிதழ். முத்திரை. இதே குதிரைதான்."

அவன் காகிதத்தை மரியாதையாக வாங்கி, படித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். "இது சுகாதாரம்கா. நாங்க கால்நடை. பயணச் சீட்டு வேணும்."

"அதை யாரு குடுப்பா?"

"எங்க ஆபீஸ்தான். விலங்கைக் கூட்டிட்டு வந்து நேர்ல காட்டினா டாக்டர் பார்த்துட்டுக் குடுத்துருவாரு."

"கூட்டிட்டுத்தானே வந்திருக்கேன்!" என்றாள் உல்கான். "உள்ளதான் நிக்குது!"

"பயணச் சீட்டு இல்லாம கூட்டிட்டு வந்துட்டீங்களே." அவனுக்கே அது சரியாகப் படவில்லை, கையிலிருந்த விதைகளைப் பார்த்தான். "சாவி டாக்டர்கிட்ட இருக்குக்கா. அஞ்சு மணிக்குக் கிளம்பிட்டாரு. இனி திங்கக்கிழமைதான்."

"ஏன்டா, ரெண்டு நாளைக்குக் குட்டி என்னத்தைக் குடிக்கும்? உன் விதையையா?" என்று புருல்சா அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் விலகவில்லை.

தாலாய்பெக்குக்குப் போன் போட்டாள் உல்கான். "அக்கா..." என்று இழுத்தான். "அது வேற டிபார்ட்மென்ட்டுக்கா. அந்தச் சட்டத்தை நான் படிக்கலை." பின்னால் கூடாரத்தில் யாரோ சிரிப்பதும், யாரோ கிண்ணம் கேட்பதும் கேட்டது. அங்கே இன்னும் யாருக்கும் தெரியாது.

ஜீரன் வலையின் அந்தப் பக்கத்தில் வந்து நின்றது. குட்டி கனைத்தது. ஜீரன் திரும்பக் கனைத்தது. கம்பிக் கண் ஒவ்வொன்றும் ஒரு முஷ்டி அகலம். குட்டியின் மூக்கு நுழைந்தது, நெற்றி நுழையவில்லை. உல்கான் வாளியை எடுத்துக்கொண்டு வலையோரம் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தாள். கையை உள்ளே விட்டாள். தோள் வரைக்கும் போனது. மடிக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. சான்றிதழ் கசங்காமல் இருக்க அதைப் பற்களில் கடித்துக்கொண்டு, இன்னும் ஒரு தடவை தோளை அழுத்தினாள்.

குட்டி மறுபடி கனைத்தது. சாம்பிளுக்குப் பிறகு கறக்காத மடி தானாகவே இளகியது. பால் இரண்டு கோடாக வழிந்து, ஜீரனின் குளம்புகளுக்கிடையில் சிமென்டில் விழுந்து, தரையின் சரிவில் ஓடி, வலைக்கு அடியில் வெளியே வந்தது. குட்டி மண்டியிட்டு, தூசியும் பாலும் கலந்த அந்த ஈரத்தைத் தரையோடு நக்கத் தொடங்கியது.